பிரஷர் மெஷின் மாறி வந்திருக்கு, திருப்பி எடுக்க மாட்டேங்கிறாங்க. சட்டப்படி என்ன வழி?

வேப்பமரத்தடி எழுதியது:

அப்பாவுக்காக மேற்கையில் பட்டை சுற்றிப் பார்க்கிற பிரஷர் மெஷின் ஒன்று ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். வந்தது மணிக்கட்டில் கட்டுகிற வகை. கம்பெனி அதேதான், பெட்டியின் நிறம்கூட ஒன்றுதான், மாடல் மட்டும் வேறு. மேற்கை வகைதான் வேண்டும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதனால் 'சரி, இதையே வைத்துக்கொள்வோம்' என்று விடவும் முடியாது.

ஆப்பில் 'தவறான பொருள்' என்று காரணம் போட்டு ரிட்டர்ன் கொடுத்தேன். பிக்கப்புக்கு வந்த தம்பி தன் போனில் இருந்த படத்தையும் என் கையிலிருந்த பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மேடம், ஆர்டர்ல இருக்கிற பொருள் வேற, இது வேற. இதை நான் எடுக்க முடியாது" என்றார். அதனால்தானே தம்பி திருப்பியே கொடுக்கிறேன் என்றேன். அவர் என்ன செய்வார் பாவம், படம் பொருந்தவில்லை என்றால் ஆப் அடுத்த பக்கத்துக்கே போகாதாம். ரிட்டர்ன் ரத்து.

சாட்டில் கேட்டால் "எங்கள் பதிவுகளின்படி சரியான பொருளே அனுப்பப்பட்டுள்ளது, இந்த முடிவு இறுதியானது" என்று பதில். மறுபடி கேட்டபோது வேறொருவர் வந்து, "மருத்துவச் சாதனங்களுக்கு ரிட்டர்ன் பாலிசி கிடையாது" என்றார். முதலில் சரியான பொருள் என்றார்கள், இப்போது தப்பான பொருளாக இருந்தாலும் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். எது அவர்கள் நிலைப்பாடு என்று எனக்குப் புரியவில்லை.

பில்லில் மேற்கை மாடல் என்று தெளிவாக இருக்கிறது. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை. தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். விட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அரைக்கிறுக்கன் எழுதியது:

பொருள் மாறி வந்ததால் நீங்கள் திருப்பித் தர வேண்டும். பொருள் மாறி வந்ததாலேயே அவர்கள் திருப்பி எடுக்க முடியாது. இதை யோசித்துக் கண்டுபிடித்த மகானுக்கு ஒரு கும்பிடு.


நிலா92 எழுதியது:

அக்கா, அன்பாக்ஸிங் வீடியோ இல்லைன்னா ஒண்ணும் நடக்காது. நானும் ஹெட்செட் விஷயத்துல அலைஞ்சு பார்த்துட்டேன். கஸ்டமர் கேர்ல முதல் கேள்வியே வீடியோ இருக்கான்னுதான். இனிமே எது வாங்கினாலும் பார்சலை ஒட்டுன நிலையில காட்டி, லேபிளைக் காட்டி, கட் பண்ணாம எடுத்துடுங்க. இந்தத் தடவை போனது போனதுதான்.


கறுப்பு அங்கி எழுதியது:

நிலா, இனிமேல் வீடியோ எடுங்கள் என்பது நல்ல யோசனை. வீடியோ இல்லையென்றால் போச்சு என்பது மட்டும் சரியில்லை. வீடியோ கேட்பது அந்தத் தளத்தின் உள்விதி. எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது.

நுகர்வோர் ஆணையங்களில் வழக்கு நடத்துகிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். 'நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது' என்று திருப்பிக் கொடுப்பது ஒன்று. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்பதற்காகத் திருப்பிக் கொடுப்பது இன்னொன்று. முதல் வகைக்கு இந்தியாவில் சட்ட உரிமை எதுவும் கிடையாது. கடைக்காரர் தன் பாலிசியில் எத்தனை நாள் தருகிறாரோ அவ்வளவுதான், 'ரிட்டர்ன் இல்லை' என்று போட்டிருந்தால் இல்லைதான். இரண்டாவது வகைக்குப் பாலிசியே தேவையில்லை, சட்டம் இருக்கிறது. கஸ்டமர் கேரில் இருப்பவர்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். தெரிந்து செய்கிறார்களா, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020 ஜூலையில் வந்தன. அதில் 6-வது விதியின் 3-வது உட்பிரிவைப் பாருங்கள். பொருள் குறைபாடுள்ளதாகவோ போலியாகவோ இருந்தால், அல்லது விளம்பரப்படுத்தியபடியோ ஒப்புக்கொண்டபடியோ அதன் தன்மைகள் இல்லாவிட்டால், விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது. சொன்ன தேதியைத் தாண்டித் தாமதமாக வந்தாலும் அப்படியே. மருத்துவச் சாதனம், உள்ளாடை, அழகுப் பொருள் என்று அந்த விதியில் எந்த விலக்கும் இல்லை. 'ரிட்டர்ன் இல்லை' என்ற பட்டையை மனசு மாறியவரிடம் காட்டலாம், உங்களிடம் காட்ட முடியாது.

இதற்கும் வெகு முன்பே 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15-வது பிரிவு, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆன்லைனில் நாம் வாங்குவதெல்லாம் படத்தையும் விவரத்தையும் நம்பித்தானே.

அடுத்து, ஆதாரம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவுப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே வழக்கைக் கேட்கிறது. பில்லில் ஒரு மாடல், உங்கள் கையில் வேறு மாடல். பெட்டியில் வரிசை எண் அச்சாகியிருக்கும். வந்த அன்றே ரிட்டர்ன் போட்டது ஆப்பில் பதிவாகியிருக்கிறது. இதையெல்லாம் விட உங்களுக்கு வலுவான சாட்சி அந்தப் பிக்கப் பதிவுதான். 'பொருள் பொருந்தவில்லை' என்று அவர்களுடைய ஆளே, அவர்களுடைய ஆப்பிலேயே பதிந்திருக்கிறார். அதைவிட என்ன வேண்டும்? ரிட்டர்ன் ரத்தான காரணம் ஆப்பில் தெரியும், இன்றைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சில தளங்களில் கொஞ்ச நாளில் அந்த விவரம் காணாமல் போய்விடும்.


பொட்டலம் எழுதியது:

நான் ஆன்லைனில் விற்கிறவன். சமையலறைச் சாமான்கள், சின்ன அளவில்தான். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

மாறிப் போவதில் பாதிக்கு மேல் குடோனில் நடக்கிற கூத்து. நாங்கள் சரக்கை மொத்தமாகத் தளத்தின் குடோனுக்கு அனுப்பிவிடுவோம். ஒவ்வொன்றிலும் பார்கோடு ஒட்டியிருக்கும். ஸ்டிக்கர் மாறி ஒட்டிவிட்டால் அந்த ஸ்கேனருக்கு எல்லாமே சரிதான். உங்கள் 'பதிவுகளின்படி சரியான பொருள்' என்ற பதில் அங்கிருந்துதான் வருகிறது. அது பொய் இல்லை, பார்கோடு அப்படிச் சொல்கிறது. பெட்டியைப் பிரித்து யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் பெட்டியில் கம்பெனி அச்சடித்த பார்கோடுக்குப் பக்கத்திலோ அதன் மேலேயோ வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இரண்டையும் சேர்த்துப் படம் எடுங்கள். அதில் விஷயம் வெளியே வந்துவிடும்.

இன்னொன்று எடை. பார்சல் லேபிளில் எடை போட்டிருக்கும். கூரியர் கம்பெனியும் வழியில் எடை போடும், ஏனென்றால் எங்களிடம் காசு வாங்குவதே அதை வைத்துத்தான். மேற்கை மெஷின் பட்டையோடு கனமாக இருக்கும், மணிக்கட்டு மெஷின் லேசு. லேபிளைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால் அதுவும் உதவும்.

பிக்கப்பில் படம் பார்த்துச் சரிபார்க்கிற முறை ஏன் வந்தது என்றால், திருப்பி அனுப்புகிறோம் என்ற பெயரில் எங்களுக்கு வருகிற பொருள்களைப் பார்த்தால் தெரியும். புது குக்கருக்குப் பதில் அடிப்பிடித்த பழைய குக்கர். ஒரு தடவை வெறும் செங்கல். நஷ்டம் முழுக்க என் தலையில். அந்தச் சோதனையே இல்லாமல் இருந்தால் நாங்கள் கடையை மூட வேண்டியதுதான். 'தவறான பொருள்' என்று காரணம் சொல்பவர்களுக்கு வேறு மாதிரிச் சோதனை வைக்க வேண்டும், அதைத் தளம் செய்யவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன்.


அரைக்கிறுக்கன் எழுதியது:

செங்கல் அனுப்பியவனைப் பிடிக்க வைத்த வலையில் நேர்மையாக வாங்குகிறவர் மாட்டிக்கொண்டு, வலை போட்டவர் 'பதிவுகளின்படி நீங்கள் மீன்தான்' என்கிறார்.


வேப்பமரத்தடி எழுதியது:

பொட்டலம் சார், பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதில் மேற்கை மாடலின் பெயர், பெட்டியில் அச்சான எழுத்தில் மணிக்கட்டு மாடலின் பெயர். இரண்டும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்து வைத்துவிட்டேன்.

கறுப்பு அங்கி ஐயாவுக்கு ஒரு கேள்வி. சாட்டில் "நாங்கள் வெறும் இடைத்தரகர், விற்பவர்தான் பொறுப்பு" என்றும் ஒரு தடவை சொன்னார்கள். அப்படியானால் நான் யாரைக் கேட்பது?


கறுப்பு அங்கி எழுதியது:

இரண்டு பேரையும் கேளுங்கள். புகார் கடிதமோ வழக்கோ எதுவானாலும் எதிர்த்தரப்பு ஒன்று விற்பவர், இரண்டு தளம் என்று போடுவதுதான் வழக்கம். யார் எவ்வளவு பொறுப்பு என்பதை ஆணையம் பிரித்துக்கொள்ளும். அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டு வந்து கேட்க வேண்டும் என்று உங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை.

இடைத்தரகர் என்ற வாதத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவைக் காட்டுவார்கள். அதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் குடோன் அவர்களுடையது, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியது அவர்கள், ரிட்டர்னை ரத்து செய்தது அவர்கள் என்றால் வெறும் பலகை மாட்டியவர் என்று சொல்லிக்கொள்வது கடினம். இது என் கருத்து, ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் பொறுத்து மாறும்.

தளத்துக்கென்று நேரடியாகச் சில கடமைகளும் உண்டு. விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றை அவர்கள் காட்ட வேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் டிக்கெட் எண் தர வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். குறைதீர் அலுவலர் பற்றியது 4-வது விதி.

இதுவரை நீங்கள் சாட்டில் பேசியது யாரிடம் என்று நினைக்கிறீர்கள்? அவர்கள் குறைதீர் அலுவலர் அல்ல. அவர்கள் சொன்ன 'இறுதி முடிவு' சட்டத்தின் கண்ணில் முதல் படிகூட இல்லை. தளத்தின் அடியில், பொடி எழுத்தில், 'குறைதீர் அலுவலர்' என்று ஒரு மின்னஞ்சல் இருக்கும். அதற்கு எழுதுங்கள்.


ஓய்வுக்கணக்கு எழுதியது:

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணம் எப்படிக் கட்டினீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே அம்மா? கிரெடிட் கார்டு என்றால் கார்டு கொடுத்த வங்கியில் 'சார்ஜ்பேக்' கேட்கலாம், அதாவது கட்டிய பணத்தை வங்கி மூலமே திரும்பக் கேட்பது. பொருள் வரவே இல்லை என்பதற்கு மட்டும்தான் அது என்று பலர் நினைக்கிறார்கள். விவரித்தபடி இல்லாத பொருள் வந்தாலும் கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம், வங்கிகள் தங்களுக்கென்று குறுகிய கெடு வைத்திருக்கும். முதலில் விற்பவரிடம் கேட்டேன், மறுத்துவிட்டார் என்பதற்கான எழுத்து வேண்டும். டெபிட் கார்டுக்கும் இந்த முறை உண்டு.

யுபிஐயில் கார்டு அளவுக்குப் பிடிமானம் இல்லை. பொருள் வந்தபின் கையில் காசு கொடுத்திருந்தால் வங்கி வழி அடைபட்டது, சட்ட வழி மட்டும்தான். டெலிவரி வாங்கிக் காசு கொடுப்பதுதான் பத்திரம் என்று எங்கள் வயதுக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். பெட்டியைப் பிரிக்கும் முன்பே காசைக் கொடுத்துவிட்டு என்ன பத்திரம்?

வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே வங்கியின் சேவைக் குறையைத்தான் விசாரிப்பார்கள், கடைக்காரரின் தப்பை அல்ல.


வேப்பமரத்தடி எழுதியது:

டெபிட் கார்டுதான் ஐயா. வங்கிக்கும் எழுதிவிடுகிறேன்.


தேம்ஸ்கரை எழுதியது:

ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். நான் இருக்கிற பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பொருள் சொன்ன விவரத்தோடு பொருந்தாவிட்டால் 30 நாளுக்குள் நிராகரித்து முழுப்பணத்தையும் கேட்கலாம். திருப்பி அனுப்பும் நியாயமான செலவும் விற்றவருடையது. இது போக, ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களுக்கு 14 நாள் வரை காரணமே சொல்லாமல் ரத்து செய்யும் உரிமையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அந்த 14 நாள் இருக்கிறது. இந்தியாவில் காரணமில்லா ரத்து உரிமை சட்டத்தில் இல்லை என்று இங்கே படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. ஆப்களில் 7 நாள், 10 நாள் என்று பார்த்து அது சட்டம் என்றே நினைத்திருந்தேன்.


நிலா92 எழுதியது:

சரி, ஒரு சந்தேகம். மாறி வந்த பொருளை நாமே வெச்சுக்கிட்டு, பணத்தையும் கேட்க முடியாதா? அமெரிக்காவுல கேட்காம வந்த பார்சல் இலவசம்னு எங்கேயோ படிச்சேன். அவங்கதானே எடுக்க மாட்டேன்னு சொல்றாங்க?


கறுப்பு அங்கி எழுதியது:

அமெரிக்காவில் ஆர்டரே போடாமல் தபாலில் அனுப்பிவிட்டுக் காசு கேட்பதைத் தடுக்க வந்த சட்டம் அது. ஆர்டர் போட்ட பொருளுக்குப் பதில் கைதவறி வேறொன்று வருவது வேறு.

நம்மிடம் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு இருக்கிறது. தவறுதலாக ஒருவரிடம் கொடுக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ அவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்குப் பதில் பத்தாயிரம் ரூபாய்ப் பொருள் வந்துவிட்டது, அதிர்ஷ்டம் என்று சந்தோஷப்படுகிறவர்களுக்கும் இதுதான்.

ஆனால் திருப்பிக் கொடுப்பது என்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று அர்த்தமில்லை. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43-வது பிரிவு, பலர் கவனிக்காத அருமையான பிரிவு. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், நியாயமாக நிராகரித்த பொருளைத் திருப்பி அனுப்புவது வாங்கியவரின் கடமை அல்ல. 'நான் இதை ஏற்கவில்லை' என்று தெரிவித்தால் போதும். வந்து எடுத்துக்கொள்வது விற்றவர் பாடு. 'நீங்களே கூரியரில் அனுப்பிவிடுங்கள், செலவை அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

இதிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, அந்த மெஷினை எடுத்துப் பயன்படுத்தாதீர்கள். ஒரு நாள் அப்பாவுக்குப் பார்த்துவிடுவோமே என்று பேட்டரி போட்டுவிட்டால், ஏற்றுக்கொண்டீர்கள் என்று வாதாட இடம் கொடுத்ததாகும். இரண்டு, நிராகரிப்பை உடனே எழுத்தில் தெரிவியுங்கள். போனில் பேசியது எதுவும் பேசியதாகக் கணக்கில் வராது என்று வைத்துக்கொள்ளுங்கள்.


அரைக்கிறுக்கன் எழுதியது:

கிண்டலை விட்டுவிட்டு ஒன்று கேட்கிறேன். பிரிவு, உட்பிரிவு எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்கு யார் கோர்ட்டு ஏறுவார்கள்? என் மாமா ஒருவர் ஃபிரிட்ஜுக்காக நுகர்வோர் ஆணையம் போனார். தீர்ப்பு வந்தபோது அந்த ஃபிரிட்ஜே பழசாகிவிட்டது. கம்பெனிக்காரன் இதைத் தெரிந்துகொண்டுதான் 'இறுதி முடிவு' என்று தைரியமாகச் சொல்கிறான். நூறு பேரை மறுத்தால் தொண்ணூற்றொன்பது பேர் போய்விடுவார்கள் என்பதுதான் அவன் கணக்கு.


கறுப்பு அங்கி எழுதியது:

உங்கள் மாமா சொன்னதை மறுக்க மாட்டேன். பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்திலும், சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் பெரும்பாலும் அப்படி முடிவதில்லை. ஆணையங்களில் உறுப்பினர் இடங்கள் காலியாகக் கிடப்பது ஊரறிந்த விஷயம்.

இருந்தாலும் 'கோர்ட்டு ஏறுவது' என்ற பயம் கொஞ்சம் பழசு. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமில்லை, என் தொழிலுக்கு எதிராக நானே சொல்கிறேன். இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், முன்பு இ-தாகில் என்று இருந்தது, 2025 முதல் இ-ஜாக்ரிதி. காணொளி மூலம் ஆஜராகக் கேட்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். இது 1986 சட்டத்தில் இல்லாதது, 2019 சட்டம் கொண்டுவந்தது. 'எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம்', 'நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும்' என்றெல்லாம் ஆப்பின் நிபந்தனைகளில் இருக்கும். நடுவர் மன்ற நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பதை எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

அவசரமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது.

அதற்கும் முன்னால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் உத்தரவு போட முடியாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்குவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் புகார் கஸ்டமர் கேர் சாட்டுக்குப் போகாது, கம்பெனியில் இதற்கென்றே இருக்கும் ஆள்களிடம் போகும். என்னிடம் வருகிற சின்னத் தொகைப் புகார்களில் பலவற்றை வழக்கே போடாமல் இப்படித்தான் முடித்து அனுப்புகிறேன். தொண்ணூற்றொன்பது பேர் போய்விடுவார்கள் என்ற உங்கள் கணக்கு சரியாகவே இருக்கலாம். அப்படியானால் போகாத அந்த ஒருவரோடு மல்லுக்கட்டுவது அவர்களுக்கு லாபமில்லை என்பதும் அதே கணக்கில்தான் வருகிறது.


பொட்டலம் எழுதியது:

ஒரு வேண்டுகோள். இரண்டாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு மன உளைச்சல் ஐந்து லட்சம் என்று நோட்டீஸ் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கே வந்திருக்கிறது. அந்தத் தொகையைப் பார்த்ததும் பேசித் தீர்க்கலாம் என்ற எண்ணமே போய்விடுகிறது, நேரே வக்கீலிடம் கொடுத்துவிடத் தோன்றும். நியாயமாகக் கேட்டால் பெரும்பாலான சின்ன வியாபாரிகள் கொடுத்துவிடுவார்கள். ஒரு ஸ்டார் ரேட்டிங்குக்கே நடுங்குகிறவர்கள் நாங்கள்.


கறுப்பு அங்கி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். ஆணையங்களும் கேட்ட தொகையை அப்படியே கொடுப்பதில்லை.


வேப்பமரத்தடி எழுதியது:

குறைதீர் அலுவலருக்கு எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் இரண்டு பக்கம் போய்விட்டது. எப்படி எழுத வேண்டும் என்று ஒரு மாதிரி தர முடியுமா ஐயா?


கறுப்பு அங்கி எழுதியது:

கோபத்தை இங்கே எழுதுங்கள், அங்கே வேண்டாம். அந்த மின்னஞ்சலை நாளைக்கு ஓர் ஆணைய உறுப்பினர் படிக்கப்போகிறார் என்று நினைத்து எழுதுங்கள். கீழே உள்ளதை உங்கள் விவரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

"இன்ன தேதியில், இன்ன ஆர்டர் எண்ணில், மேற்கையில் கட்டும் இரத்த அழுத்தமானி, மாடல் இன்னது, வாங்கினேன். இன்ன தேதியில் வந்த பெட்டியில் இருந்தது மணிக்கட்டு வகை, மாடல் இன்னது. பில், பெட்டியின் இரு பக்கங்கள், பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஆகியவற்றின் படங்களை இணைத்துள்ளேன். பொருளை நான் பயன்படுத்தவில்லை. இதை ஏற்க மறுக்கிறேன்.

தவறான பொருள் என்று பதிவு செய்த ரிட்டர்ன், பொருள் ஆர்டருடன் பொருந்தவில்லை என்று உங்கள் பிக்கப் ஊழியரே பதிந்து ரத்தாகியுள்ளது. அந்தப் பதிவின் படமும் இணைப்பில் உள்ளது.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் 2020, விதி 6(3)-இன்படி, ஆர்டர் செய்த மாடலை அனுப்பவும், அல்லது முழுத்தொகையை நான் செலுத்திய கணக்கிலேயே திருப்பிச் செலுத்தவும். தவறான பொருளை உங்கள் செலவில் என் முகவரியில் எடுத்துக்கொள்ளலாம். விதி 4-இன்படி 48 மணி நேரத்துக்குள் இப்புகாருக்கு ஒப்புகை தரவும். ஒரு மாதத்துக்குள் தீர்வு இல்லையேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன்."

இவ்வளவு போதும். தமிழில் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம். விற்பவரின் மின்னஞ்சல் இருந்தால் அவருக்கும் நகல் போடுங்கள்.


மட்டுறுத்துநர்:

பயனுள்ள இழை, நன்றி. படங்களை இங்கே ஏற்றுபவர்கள் ஆர்டர் எண், முகவரி, போன் எண்ணை மறைத்துவிட்டு ஏற்றுங்கள். 'நாங்கள்தான் கஸ்டமர் கேர்' என்று தனிமடலில் வருகிறவர்களுக்குப் பதில் தர வேண்டாம். இரண்டு கணக்குகளை இன்று நீக்கியிருக்கிறோம்.


புதுவரவு எழுதியது:

இழையோடு ஒட்டியதுதான். இன்ஸ்டாகிராமில் ஒரு பேஜில் பட்டுப்புடவை பார்த்து யுபிஐயில் பணம் அனுப்பினேன். வந்தது பாலியஸ்டர். பில் இல்லை. "நோ ரிட்டர்ன்னு பயோல போட்டிருக்கோமே சிஸ்டர்" என்கிறார். எனக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?


கறுப்பு அங்கி எழுதியது:

பொருந்தும். 2019 சட்டத்தில் 'பொருள் வாங்குவது' என்பதில் இணைய வழி வாங்குவதும் சேர்த்தியே, பெரிய தளம் என்று எங்கும் சொல்லவில்லை. பில் தராததே அதே சட்டத்தில் நியாயமற்ற வணிகமுறை. யுபிஐ ரசீது, அந்தப் பதிவின் படம், அவரோடு பேசிய சாட் மூன்றும் இருந்தால் வாங்கியதை நிறுவலாம்.

உங்கள் சிக்கல் சட்டமல்ல, முகவரி. யார், எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் நோட்டீஸ் எங்கே அனுப்புவது? பார்சலில் அனுப்புநர் முகவரி இருக்கிறதா பாருங்கள். உங்களை பிளாக் செய்துவிட்டாலோ பேஜே மாயமானாலோ அது நுகர்வோர் புகார் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பணம் கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம்.


ஓய்வுக்கணக்கு எழுதியது:

1915 நுகர்வோருக்கு, 1930 மோசடிக்கு. இரண்டையும் மாற்றி அழைக்கிறவர்கள் அதிகம்.


வேப்பமரத்தடி எழுதியது:

நிலவரம் சொல்கிறேன். குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் போட்டு, 1915-லும் பதிவு செய்தேன். ஒப்புகை வந்தது, டிக்கெட் எண்ணோடு. பிறகு ஒருவர் போனில் கூப்பிட்டார், சாட்டில் பேசியவர்களின் தொனியே இல்லை. ஸ்டிக்கர் படத்தைப் பார்த்ததாகச் சொன்னார். சோதனை இல்லாமல் எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புகிறோம் என்றார்.

ஆனால் பணத்தை ஆப்பின் வாலட்டில் போடுவார்களாம், "உடனே வந்துவிடும், அடுத்த ஆர்டருக்குப் பயன்படுத்தலாம்" என்கிறார். சரியான மாடல் இப்போது ஸ்டாக் இல்லையாம். சம்மதம் என்று பதில் அனுப்பச் சொல்கிறார்.


கறுப்பு அங்கி எழுதியது:

அனுப்பாதீர்கள். சம்மதம் என்று எழுதிவிட்டால் அது நீங்களே ஏற்றுக்கொண்ட தீர்வாகிவிடும். ஆணையம் உத்தரவிடக்கூடிய நிவாரணங்களில் ஒன்று, கொடுத்த விலையைத் திருப்பித் தருவது. வாலட்டில் போடுவது அவர்கள் கடையிலேயே இன்னொரு முறை வாங்கச் சொல்வது. 'பணம் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்கு' என்று ஒரே வரியில் பதில் போடுங்கள். வங்கியில் கேட்ட சார்ஜ்பேக்கைப் பணம் கணக்கில் ஏறும் வரை திரும்பப் பெற வேண்டாம். ஏறிய பிறகு மறக்காமல் திரும்பப் பெறுங்கள், இரண்டு பக்கமும் வாங்கினால் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள்.


பொட்டலம் எழுதியது:

பிக்கப்புக்கு ஆள் வரும்போது ஒன்று. பெட்டியை அவர் பையில் போடும் முன், இரண்டு பார்கோடும் தெரிகிற மாதிரி அவர் எதிரிலேயே வீடியோ எடுத்துவிடுங்கள். 'எடுத்தாச்சு' என்ற எஸ்எம்எஸ் உங்கள் போனுக்கு வரும் வரை அவரை விடாதீர்கள். ஆப்பில் 'பிக்கப் முடிந்தது' என்று காட்டினால் மட்டும் போதாது, குடோனில் 'காலிப் பெட்டி வந்தது' என்று பதிவு போட்ட கதைகள் எனக்குத் தெரியும்.


வேப்பமரத்தடி எழுதியது:

சரி சார். வாலட் வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். பிக்கப் நாளைக்கு.